ஹார்னஸ் வாங்கியாச்சு, கொக்கியை எங்கே மாட்டுவது?

கேட்டவர் கோயம்புத்தூர் பக்கம் கூரை மேல் சோலார் போடும் வேலையை எடுத்துச் செய்பவர். அவரிடம் நாலு பையன்கள் வேலை பார்க்கிறார்கள். நாலு பேருக்கும் ஹார்னஸ், அதாவது உயரத்தில் வேலை செய்யும்போது உடம்பில் கட்டும் பாதுகாப்பு வார், நல்லதாகப் பார்த்து வாங்கிக் கொடுத்துவிட்டார். மொட்டை மாடி, தகர ஷெட், ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்று எல்லா இடத்திலும் வேலை வருகிறது. "மேலே போனால் கொக்கி மாட்ட இடமே இல்லை. எங்கேயாவது மாட்டினாலும் நகர முடியவில்லை என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். இதைச் சரியாக எப்படித்தான் பயன்படுத்துவது?" என்பது அவருடைய கேள்வி.

தொழிற்சாலைப் பாதுகாப்பு வேலையில் 18 வருடம் ஓடிவிட்டது. என்னிடம் பெரும்பாலானோர் கேட்பது எந்த பிராண்டு வாங்கலாம் என்பதைத்தான். எங்கே மாட்டுவது என்று கேட்பவர்கள் அபூர்வம். 2024 பிப்ரவரியில் 1 கோடி வீடுகளை இலக்காக வைத்து பி.எம். சூர்ய கர் என்ற கூரை சோலார் திட்டம் வந்த பிறகு, நேற்றுவரை ஒயரிங் வேலை பார்த்தவர்களும் கூரை ஏறுகிறார்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. உங்கள் பையன் கூரை விளிம்பில் நிற்கிறான். லேன்யார்டு என்பது ஹார்னஸிலிருந்து கொக்கி வரை போகும் கயிறு. 2 மீட்டர் லேன்யார்டின் கொக்கியைக் கால் மட்டத்தில் ஏதோ ஒன்றில் மாட்டியிருக்கிறான். தவறி விழுகிறான். லேன்யார்டு முறுக்கேறும்போது அவன் முதுகில் உள்ள வளையம் கொக்கிக்கு 2 மீட்டர் கீழே இருக்கும். அடுத்து லேன்யார்டில் மடித்துத் தைத்திருக்கும், அதிர்வைத் தாங்கும் பை பிரிய ஆரம்பிக்கும். ஐரோப்பிய தரப்படி அது 1.75 மீட்டர் வரை நீளலாம். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை இன்னொரு ஒன்றரை மீட்டர். வார்கள் இழுபடுவதற்கும் கைகாவலுக்கும் 1 மீட்டர் விடுவது வழக்கம். கூட்டினால் 6.25 மீட்டர் வருகிறது. அதாவது கொக்கிக்குக் கீழே ஆறேகால் மீட்டர் வெற்றிடம் இருந்தால்தான் அந்த லேன்யார்டு அவனைக் காப்பாற்றும்.

தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டின் மொட்டை மாடி மூன்று, மூன்றரை மீட்டர் உயரம்தான். சின்ன ஷெட் என்றால் கூரை ஓரம் நாலு மீட்டர் இருக்கும். அங்கெல்லாம் இந்த லேன்யார்டு தன் வேலையை முடிப்பதற்குள் பையன் தரையைத் தொட்டுவிடுவான். ஹார்னஸ் போட்டிருந்தான், கொக்கியும் மாட்டியிருந்தான், ஆனாலும் கால் உடைந்தது என்று கேள்விப்படும் கதைகளில் பலவற்றுக்குக் காரணம் இந்தக் கூட்டல்தான்.

கட்டடம் கட்டும் இடத்தில் தலைக்கு மேல் சாரமோ பீமோ இருக்கும். அதில் மாட்டினால் விழும் தூரம் குறையும். கூரை வேலையில் தலைக்கு மேல் வானம்தான். மாட்டுவது எல்லாமே காலடியில்தான் நடக்கும். எல்லா லேன்யார்டும் அதற்கென்று செய்யப்பட்டதும் அல்ல. சிலவற்றைத் தலைக்கு மேலோ தோள் மட்டத்திலோ மாட்டத்தான் அனுமதி உண்டு, லேபிளைப் படித்தால் தெரியும்.

ஆகவே உங்கள் மாதிரி வேலைக்கு, விழுந்த பிறகு பிடித்து நிறுத்துவதைவிட விளிம்புக்கே போக விடாமல் செய்வதுதான் சரி. ஆட்டை முளையில் கட்டுகிறோம் அல்லவா? பக்கத்துக் கொல்லைப் பயிரில் வாய் வைக்க முடியாத அளவுக்குத்தான் கயிறு விடுவோம். அதே யோசனைதான் இங்கேயும். விளிம்புக்கு ஒரு மீட்டர் முன்னாலேயே கயிறு தீர்ந்துவிட வேண்டும். விழவே முடியாது என்றால் ஆறேகால் மீட்டர் கணக்கெல்லாம் தேவையில்லை, அதிர்ச்சி விசை இல்லை, தொங்குபவரை இறக்கும் பாடும் இல்லை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 10 மீட்டருக்கு 8 மீட்டர் மாடி, நடுவில் ஒரே ஒரு முளை, அதாவது கயிறு மாட்டும் பிடிமானம், என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்து விளிம்பு 4 மீட்டர். மூலை 6.4 மீட்டர். மூலையில் பேனல் போட வேண்டும் என்று கயிற்றை ஆறு மீட்டர் விட்டால், அதே கயிறு கிட்டத்து விளிம்பில் இரண்டு மீட்டர் மிச்சமாக நிற்கும். அங்கே அது பாதுகாப்பே இல்லை. அதனால் ஒன்று, இரண்டு மூன்று இடத்தில் முளை வேண்டும். அல்லது நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியோடு கூடிய கயிறு வேண்டும். ரோப் கிராப் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். கயிற்றில் நகர்த்திக்கொண்டே போகலாம், சட்டென்று இழுத்தால் கவ்விக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டு மூலைக்குப் போகும்போது நீட்டி, திரும்பும்போது சுருக்கப் பழக்க வேண்டும். இடம் மாறிய ஒவ்வொரு தடவையும் "கயிறு பார்த்தியா?" என்று கீழேயிருந்து ஒருவர் குரல் கொடுப்பது நல்ல வழக்கம்.

மூலையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. முளைக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் தள்ளி நின்று விழுந்தால், ஊஞ்சல் மாதிரி ஆடிப் போய் சுவரிலோ தூணிலோ மோதுவோம். கயிறு அறாமல் தாங்கியிருக்கும், அடி மட்டும் தலையில் பட்டிருக்கும்.

சரி, முளையை எதில் அடிப்பது? அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி, விழுபவரைப் பிடிக்கும் பிடிமானம் ஒருவருக்கு 5,000 பவுண்டு தாங்க வேண்டும் என்கிறது. கிட்டத்தட்ட 2,270 கிலோ. தகுதியுள்ள பொறியாளர் கணக்குப் போட்டு வடிவமைத்தால் இதில் தளர்வு உண்டு. நான் பையன்களிடம் இப்படிக் கேட்பேன்: "இதில் ஒரு பெரிய காரைத் தொங்கவிட்டால் நிற்குமா?" யோசிக்காமல் ஆமாம் என்று வந்தால்தான் அது பிடிமானம்.

நாலரை அங்குலச் செங்கல் கைப்பிடிச் சுவர் நிற்காது. பி.வி.சி. பைப், பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியின் ஸ்டாண்டு, டிஷ் ஆன்டெனா கம்பி, ஏ.சி. வெளி யூனிட் வைத்த ஆங்கிள், இவை எதுவும் கிடையாது. மின் இணைப்பு வரும் இரும்புக் குழாயில் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அது விழுவதோடு ஷாக்கையும் சேர்த்து வாங்கும் வழி. நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும் சோலார் ஸ்ட்ரக்சரிலேயே, அதாவது பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்திலேயே, மாட்டுவதும் நடக்கிறது. அடிப்பகுதி கான்கிரீட் இறுகாமல், போல்ட் எல்லாம் முறுக்காமல் இருக்கும்போது, விழுபவன் மேல் அதுவும் சேர்ந்து விழும். கீழே நிற்கும் வண்டியில் கட்டுவது இன்னொரு பழக்கம். வண்டிச் சாவி யார் பையில் இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

நிற்பவை கான்கிரீட் தூண், கான்கிரீட் பீம், ஷெட்டில் கூரையைத் தாங்கும் முதன்மைச் சட்டமான ட்ரஸ் அல்லது ராஃப்டர். தூணைச் சுற்றிப் போடும் ஆங்கர் ஸ்லிங் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். பல வீடுகளில் மாடிப்படி அறையின் கான்கிரீட் தூணோ, மேல்நிலைத் தொட்டியைத் தாங்கும் கான்கிரீட் தூணோ கிடைக்கும். தூணின் முனை கூராக இருந்தால் சாக்கு மடித்து வைக்காமல், அதற்கென்று உள்ள உறையைப் போடுங்கள். எதுவுமே கிடைக்காவிட்டால் தளத்தில் துளை போட்டு, பசை வைத்து ஒட்டும் போல்ட்டான கெமிக்கல் ஆங்கர் இறக்கலாம். ஆனால் அதற்குப் பொறியாளர் ஒப்புதலும், இறக்கிய பிறகு இழுத்துப் பார்க்கும் சோதனையும் வேண்டும். எப்படியும் ஸ்ட்ரக்சருக்கு ஆங்கர் அடிக்கப் போகிறீர்கள். இன்னும் இரண்டைச் சேர்த்து அடித்து அங்கேயே விட்டால், பின்னால் பேனல் கழுவ வருபவனுக்கும் அது உதவும்.

நடந்தபடி வேலை செய்ய இரண்டு தூணுக்கு நடுவே கயிறு இழுத்துக் கட்டி அதில் கொக்கி மாட்டுவார்கள். தொய்வு இருந்தால் கேவலம் என்று முழு பலத்தோடு இறுக்குவார்கள். பார்க்க அழகாக இருக்கும். விஷயம் அங்கேதான் தலைகீழ். கொடிக் கயிறு எவ்வளவு இறுக்கமோ, நடுவில் எடை விழும்போது இரண்டு முனையிலும் இழுவிசை அவ்வளவு பெருகும். கயிறு 15 டிகிரி தொய்ந்தால் ஒவ்வொரு முனையிலும் விழுபவர் தரும் விசையைப் போல இரண்டு மடங்கு. 5 டிகிரி மட்டும் தொய்ந்தால் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. அதிர்வு தாங்கும் பை 6 கிலோ நியூட்டனுக்குள், அதாவது சுமார் 600 கிலோ எடைக்குள் விசையை அடக்கினாலும், இறுக்கிக் கட்டிய கயிற்றின் முனையில் மூன்றரை டன் இழுக்கும். தொய்வு விட்டால் விழும் தூரம் கூடும். அதனால் குறுக்குக் கயிறு நம் கைவேலை இல்லை. கணக்குப் போட்டு, அதிர்வு தாங்கியோடு விற்கும் முழு செட்டாக வாங்க வேண்டும், எத்தனை பேர் மாட்டலாம் என்று அதில் எழுதியிருப்பதை மீறக் கூடாது.

மொட்டை மாடியில் ஒரு மீட்டருக்குக் குறையாத நல்ல கைப்பிடிச் சுவர் சுற்றிலும் இருந்தால், தரையில் நின்று செய்யும் வேலைக்கு ஹார்னஸே வேண்டாம் என்பது என் கருத்து. சும்மா போட்டுக்கொண்டு திரிந்தால் கால்தான் தடுக்கும். ஆனால் நம் ஊரில் மாடியைத் துணி காயவைக்கவும் வடகம் போடவும் பயன்படுத்துவதால், ஸ்ட்ரக்சரை எட்டு பத்து அடி தூக்கிக் கட்டச் சொல்கிறார்கள். அதன் மேல் ஏறியவனுக்குக் கைப்பிடிச் சுவர் முழங்கால் அளவுகூட இல்லை. விழுந்தால் மாடியில் விழுவானா, தெருவில் விழுவானா என்பதே கேள்வி. இந்த மாதிரி வேலைக்கு ஸ்ட்ரக்சர் மேல் ஏறுவதையே குறைக்கப் பாருங்கள். பலகையும் கைப்பிடியும் உள்ள நகரும் சாரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதில் நின்றபடி கீழிருந்து போல்ட் முறுக்கலாம். ரெயில்களைத் தரையிலேயே கோத்து மேலே ஏற்றலாம்.

ஷெட் விவகாரம் வேறு. அங்கே விளிம்பைவிட நடுக்கூரைதான் ஆளை வாங்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வயதாக ஆக அப்பளமாகிவிடும். பெயின்ட் அடித்துவிட்டால் எது பழையது, எது புதியது என்றே தெரியாது. வெளிச்சத்துக்காக நடுநடுவே போட்டிருக்கும் லைட் ஷீட் இன்னும் மோசம். வெயிலில் மங்கி, தூசி படிந்து, மற்ற ஷீட்டோடு நிறத்தில் கலந்திருக்கும். "போல்ட் வரிசை மேலேயே நட, கீழே பர்லின் இருக்கு" என்று, ஷீட்டைத் தாங்கும் குறுக்குக் கம்பியைக் காட்டி மேஸ்திரிகள் சொல்லிக்கொடுப்பார்கள். நானும் ஆரம்பத்தில் அதை நம்பியவன்தான். இரண்டு அங்குல அகலத்தில், 28 கிலோ பேனலைத் தூக்கிக்கொண்டு, கால் மாறாமல் எத்தனை தடவை நடக்க முடியும்? ஒரு அடி தள்ளி வைத்தால் போதும். ஒரு நூற்பாலையில் என் கண் முன்னாலேயே ஒருவர் கால் இடுப்பு வரை உள்ளே போனது. பக்கத்து ஷீட்டில் கை ஊன்றியதால் பிழைத்தார். கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

எனவே உடையக்கூடிய கூரையில் கால் ஷீட்டில் படவே கூடாது. குறைந்தது இரண்டு மூன்று பர்லினில் உட்காரும் நடைபலகைகளைப் போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும். ஒன்றை எடுத்து முன்னால் போடும்போது நிற்க இன்னொன்று வேண்டுமே, ஆகவே இரண்டுக்குக் குறையாமல். லைட் ஷீட் இருக்கும் இடத்தையெல்லாம் ஷெட்டுக்குள்ளே நின்று அண்ணாந்து பார்த்து எண்ணி, படம் வரைந்துகொண்டு பிறகு ஏறுங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாதது உள்ளிருந்து பளிச்சென்று தெரியும். அவற்றின் மேல் கம்பி வலையோ கனமான மூடியோ போட்டுக் கட்டுங்கள். பெரிய வேலை என்றால் கூரைக்கு அடியில் பாதுகாப்பு வலை கட்டச் சொல்லி உரிமையாளரிடம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். உயரத்திலிருந்து விழ வாய்ப்புள்ள இடத்தில் வேலி போன்ற ஏற்பாடு வேண்டும் என்று, 2025 நவம்பர் வரை அமலில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948 தன் 32-ஆவது பிரிவில் சொன்னது ஆலை நடத்துபவரை நோக்கித்தான். ஒப்பந்தக்காரர் ஆள் என்பதால் பொறுப்பு தீர்ந்துவிடாது. ஓட்டு வீட்டைப் பற்றிக் கேட்டால் என் பதில் சுருக்கம்: பேனலை வேறு இடத்தில் போடுங்கள்.

சாய்வான தகரக் கூரையில் முகட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள ட்ரஸ்ஸில் கட்டிய கயிற்றை முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் விட்டு, அதில் ரோப் கிராப் மாட்டி வேலை செய்யலாம். கயிறு தகர ஓரத்தில் உரசக் கூடாது. ஷீட்டின் வெட்டு விளிம்பு கத்தி மாதிரி. எடை விழுந்த கயிறு அதில் இழுபட்டால் நறுக்கென்று போய்விடும். தானாகச் சுருளும் ரீல் வகையைப் படுக்கையாகப் பயன்படுத்துவதென்றால், அதற்கென்று விளிம்பில் வைத்துச் சோதித்த மாடலாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

போட்டுக்கொள்ளும் விதம் ஓரளவு தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இடுப்பு பெல்ட் மட்டும் போட்டு விழுவதைப் பிடிக்கும் வேலை செய்யவே கூடாது. அமெரிக்காவில் 1998 ஜனவரி 1 முதல் அதற்கு அனுமதியில்லை. முழு உடல் ஹார்னஸில் ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தரக் குறியோ ஈ.என். 361 என்ற ஐரோப்பியத் தரக் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். முதுகு வளையம் இரண்டு தோள்பட்டைக்கு நடுவே நிற்க வேண்டும். இடுப்புப் பக்க வளையங்கள் சாய்ந்து நின்று வேலை செய்ய மட்டுமே. தொடை வாருக்கும் தொடைக்கும் நடுவே விரித்த கை போக வேண்டும், முஷ்டி போகக் கூடாது. லேன்யார்டு நீளமாக இருக்கிறது என்று முடிச்சுப் போடாதீர்கள், ஒரு முடிச்சு பாதி பலத்தைத் தின்றுவிடும். இரண்டு கொக்கி உள்ள இரட்டை லேன்யார்டில் சும்மா இருக்கும் கொக்கியை இடுப்பு வளையத்தில் மாட்டி வைப்பதும் தப்பு. அப்படி மாட்டினால் அதிர்வு தாங்கும் பை பிரியாமலே போகலாம். அதற்கென்று நெஞ்சு வாரில் எளிதில் விடுபடும் பிடி இருக்கும், அதில் மாட்டுங்கள். அப்புறம் எடை: பல கருவிகள் 100 கிலோவுக்குச் சோதித்தவை. அந்த 100 கிலோவில் ஆளோடு டிரில் மெஷின், ஸ்பானர் பை எல்லாம் சேர்த்தி.

பராமரிப்பில் உங்கள் தொழிலுக்கே உரிய ஒரு ஆபத்து இருக்கிறது. வேனில் ஹார்னஸையும் இன்வெர்ட்டர் பேட்டரியையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போவீர்கள். நைலான் வாருக்குப் பேட்டரி அமிலம் ஆகாது. பாலியெஸ்டருக்குக் காரம் ஆகாது, சிமெண்ட் கலவை நல்ல காரம். இரண்டும் வெயிலுக்கு எதிரிகள். தனிப் பையில் நிழலில் வையுங்கள். அழுக்கானால் மிதமான சோப்பில் அலசி நிழலில் காயப்போடுங்கள். தினமும் ஏறுவதற்கு முன் வாரை வளைத்துப் பார்த்து வெட்டு, நூல் பிரிதல், வெல்டிங் பொறி பட்ட ஓட்டை, கொக்கி வாய் சரியாக மூடாதது, இதையெல்லாம் தேட ஒரு நிமிடம் போதும். ஒருமுறை ஆளைப் பிடித்த ஹார்னஸையும் லேன்யார்டையும் அடுத்த நாள் யாரும் எடுத்துப் போட முடியாதபடி கத்தரியால் நறுக்கிப் போடுங்கள். பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும், அதனால்தான் நறுக்கச் சொல்கிறேன்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது உங்கள் பக்கத்தில் வெறும் பழமொழி இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்டு வரை அடிக்கும் காற்று தெரிந்ததுதான். இரண்டரைச் சதுர மீட்டர் பேனலை நிமிர்த்திப் பிடித்திருக்கும்போது மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வீச்சு வந்தால், 35 கிலோ எடை அளவு விசையோடு ஒருவர் தள்ளியது போல இருக்கும். விளிம்புப் பக்கம் தள்ளினால் என்ன ஆகும்? அந்த மாதங்களில் பேனல் தூக்கும் வேலையைக் காலையில் காற்று எழும்புவதற்கு முன் முடியுங்கள். பனியோ மழையோ நனைத்த ஷீட்டில் ஏறாதீர்கள்.

ஒருவேளை விழுந்து தொங்கினால்? இதை யாரும் யோசிப்பதே இல்லை. அசையாமல் வாரில் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கி, சில நிமிடங்களில் மயக்கம் வரலாம். 101-க்கு அழைப்பது சரி, ஆனால் அவர்கள் வரும்வரை அவன் தொங்கிக்கொண்டிருக்க முடியாது. எந்த ஏணியை எங்கே சாய்த்து, யார் ஏறி, எப்படி இறக்குவது என்பது ஏறுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். தனியாக ஒருவனை மட்டும் கூரைக்கு அனுப்பாததற்கு இதுவே போதுமான காரணம். தொங்குபவன் காலை ஊன்ற ஹார்னஸிலேயே சின்னக் கயிற்றுப் படி வைத்த வகைகள் கிடைக்கின்றன, வாங்குங்கள். இறக்கியதும் படுக்க வைக்கக் கூடாது, உட்கார வைக்க வேண்டும் என்று முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு (எச்.எஸ்.ஈ.) ஆய்வுகளை அலசி, அதற்கு ஆதாரமில்லை, வழக்கமான முதலுதவியே போதும் என்று சொல்லிவிட்டது. மயங்கியவரைப் படுக்க வைத்து, மூச்சைப் பார்த்து, 108-ஐக் கூப்பிடுங்கள்.

"போட்டால் வேலை நடக்காது" என்று பையன்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒன்றரை மீட்டர் லேன்யார்டை ஒரு கம்பியில் மாட்டிவிட்டு எட்டு மீட்டர் கூரையில் வேலை செய்யச் சொன்னால் நானும் கழற்றித்தான் வைப்பேன். பிடிமானத்தை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொடுத்து, நீட்டிச் சுருக்கும் கயிறும் கொடுத்தால் இரண்டு கையும் வேலைக்கு வரும், புகாரும் பாதி குறையும்.

மீதிப் பாதிக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு நாள் குடோனில் உறுதியான பீமிலிருந்து ஒவ்வொருவராக ஹார்னஸோடு, கால் தரையிலிருந்து அரை அடி மட்டும் எழும்பும்படி தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஸ்டூலும், பிடித்துக்கொள்ள ஒரு ஆளும் இருக்கட்டும். ஒரு நிமிடம் போதும், வலிக்கிறது என்றால் உடனே இறக்கிவிடுங்கள். யாருக்கும் எதுவும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இறங்கியவுடன் அவரவர் கை முதலில் தொடை வாரைத்தான் இழுத்துச் சரி செய்யும்.